கோட்டை மிதித்தால் வெளியே: ரக்பியில் கொடி பிடிக்கப் போகும் அம்மா அப்பாக்களுக்கு

ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. மும்பையில் வடாலாப் பக்கம் ஒரு மைதானம். மகளை ரக்பி ஆட விட்டுவிட்டு ஓரமாக நின்று டீ குடிக்கலாம் என்று போன என் கையில் பயிற்சியாளர் ஒரு கொடியைத் திணித்தார். பந்து கோட்டைத் தாண்டினால் தூக்கினால் போதும், வேறு வேலை இல்லை என்றார். நானும் நம்பிவிட்டேன். ஊரில் தேர்தலுக்குத் தேர்தல் கொடி பிடித்த குடும்பம் எங்களுடையது. இது என்ன பெரிய விஷயம்?

முதல் பத்து நிமிடத்திலேயே தப்பாகத் தூக்கினேன். அந்தத் தப்பு என்ன என்பதைப் பிறகு சொல்கிறேன். அதிலிருந்து இந்த மழைக்காலம் வரை, கிட்டத்தட்ட எல்லா ஞாயிறும் நான்தான் அந்தக் கோட்டோரம் நிற்கிறேன். வார நாட்களில் ஃபோர்ட்டில் ஒரு அலுவலகத்தில் கணக்கு எழுதுகிற வேலை. சயான் கோலிவாடாவிலிருந்து எங்களோடு வருகிற மற்ற பெற்றோர் இப்போது என்னிடம்தான் சந்தேகம் கேட்கிறார்கள். கேட்டதையெல்லாம் சேர்த்து எழுதிவிட்டால் ஒரே வேலையாகப் போயிற்று.

முதலில், நீங்கள் யார் என்பது தெரிய வேண்டும். போட்டி நடத்துகிறவர்கள் நியமிக்கிற துணை நடுவர் வேறு. அணிகள் ஆளுக்கு ஒருவராகத் தருகிற டச் ஜட்ஜ் வேறு. நாம் இரண்டாவது ரகம். நம் வேலை இரண்டே இரண்டு: பந்து வெளியே போயிற்றா என்று சொல்வது, கோல் கம்பத்துக்கு உதைக்கும்போது பந்து உள்ளே போயிற்றா என்று சொல்வது. யார் யாரைக் கழுத்தில் பிடித்து இழுத்தார் என்பதெல்லாம் நம் கணக்கில் வராது. கடைசி வார்த்தை நடுவருடையது. உங்கள் கொடியை அவர் கண்டுகொள்ளாமல் ஆட்டத்தைத் தொடர விட்டால் கோபப்படக் கூடாது. நான் பட்டிருக்கிறேன், பிரயோஜனம் இல்லை.

மைதானத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

முழு மைதானத்தில் ஒரு கோல் லைனிலிருந்து மறு கோல் லைனுக்கு 94 முதல் 100 மீட்டர். அகலம் 68 முதல் 70 மீட்டர். ஒவ்வொரு கோல் லைனுக்கும் பின்னால் 6 முதல் 22 மீட்டர் வரை இன்கோல் என்கிற பகுதி. பந்தை அங்கே தரையில் அழுத்தினால்தான் ட்ரை, அதாவது புள்ளி. இன்கோலின் கடைசிக் கோடு டெட்பால் லைன். பக்கவாட்டில் நீளமாக ஓடுவது டச்லைன். அதே கோடு இன்கோலுக்குள் நுழைந்ததும் பெயர் மாறி டச்-இன்-கோல் லைன் ஆகிவிடும். தெருவுக்குப் பாதியில் பெயர் மாறுவது மும்பைக்காரர்களுக்குப் புதிது இல்லை.

கொடிக்கம்பங்கள் 14. எட்டு மூலைகளில் இருக்கும்: கோல் லைனும் டெட்பால் லைனும் பக்கவாட்டுக் கோட்டைச் சந்திக்கிற இடங்கள். மீதி ஆறு, இரண்டு 22 மீட்டர் கோடுகளுக்கும் (கோல் லைனிலிருந்து அவ்வளவு தள்ளிப் போடுவது) நடுக்கோட்டுக்கும் நேராக, டச்லைனுக்கு வெளியே 2 மீட்டர் தள்ளி நிற்கும். இந்த ஆறும் ஆட்டக்காரர்களுக்காக வைத்தவை அல்ல, நமக்காகத்தான் என்பது என் அபிப்பிராயம். பந்து 22-க்கு உள்ளே போயிற்றா வெளியே போயிற்றா என்பதில் எவ்வளவு சண்டை வரும் என்று பின்னால் பார்ப்பீர்கள்.

மூங்கிலையோ இரும்புக் குழாயையோ நடாதீர்கள். பிள்ளைகள் மூலையில் முகம் குப்புற விழுவார்கள். வளைகிற பிளாஸ்டிக் குழாயில் தடிமனான ஸ்பாஞ்ச் சுற்றினால் போதும், உயரம் 1.2 மீட்டருக்குக் குறையாமல். டச்லைனுக்கு வெளியே 5 மீட்டர் காலியாக இருக்க வேண்டும் என்பது விதி. நம் மைதானங்களில் பக்கத்து கிரிக்கெட் ஆட்டத்தின் ஃபீல்டரே உள்ளே நிற்பார், 5 மீட்டருக்கு எங்கே போவது? இருந்தாலும் பைகளையும் குடைகளையும் தண்ணீர் கேனையும் கோட்டோரம் வைக்க விடாதீர்கள். அதை மட்டும் நான் கறாராகப் பார்க்கிறேன்.

கோடு போடுவது

இதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கோலம் போட்டுப் பழகிய கை.

எங்கள் பிள்ளைகளுக்கு 60-க்கு 40 மீட்டர் போடுகிறோம். நான்கு ஆப்பு, நைலான் கயிறு, நீள டேப் வேண்டும். முதலில் ஒரு டச்லைனை நேராகப் பிடித்துவிடுங்கள். மூலையில் கொத்தனார் மட்டம் பார்க்கிற அதே கணக்குதான்: ஒரு பக்கம் 6 மீட்டர், மறு பக்கம் 8 மீட்டர் அளந்து குறித்தால், இரண்டு குறிக்கும் நடுவே சரியாக 10 மீட்டர் வர வேண்டும். வராவிட்டால் மூலை கோணல். நான்கு ஆப்பும் அடித்த பிறகு குறுக்காக மூலைக்கு மூலை அளந்து பாருங்கள். 60-க்கு 40 என்றால் 72 மீட்டர் 11 சென்டிமீட்டர் வரும். 100-க்கு 70 முழு மைதானம் என்றால் 122 மீட்டர் 7 சென்டிமீட்டர். இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருந்தால் நிம்மதியாக டீ குடிக்கலாம்.

சுண்ணாம்பு வேண்டவே வேண்டாம். வெள்ளையடிக்கிற சுண்ணாம்புத்தூள் ஈரத்தில் பட்டால் தோலைப் பொசுக்கிவிடும், கண்ணில் போனால் ஆபத்து. ரக்பியில் முழங்கையும் முகமும் தரையில் தேய்வது நிச்சயம். சாக்பவுடர் நல்லது. தாதர் மார்க்கெட்டில் கிடைக்கிற வெள்ளை ரங்கோலிப் பொடியை நாங்கள் போட்டிருக்கிறோம். மழை இல்லாத அன்று அழகாக நிற்கும். மழைக்காலத்தில் தண்ணீரில் கலக்கிற வெள்ளை எமல்ஷன் பெயிண்ட்தான் சரி, அதையும் முந்தின நாள் மதியமே அடித்துக் காயவிட வேண்டும்.

டச்லைன், கோல் லைன், டெட்பால் லைன், 22 மீட்டர் கோடு, நடுக்கோடு எல்லாம் முழுக்கோடு. நடுக்கோட்டுக்கு இரு பக்கமும் வருகிற 10 மீட்டர் கோடு, ஓரத்திலிருந்து 5, 15 மீட்டர் கோடுகள் விட்டுவிட்டுப் போடுகிற கோடு. பெயிண்ட் குறைவாக இருந்தால் விட்டுவிட்டுப் போடுகிறவற்றில் சிக்கனம் பண்ணுங்கள், டச்லைனில் பண்ணாதீர்கள்.

கோடு யாருக்குச் சொந்தம்

ஃபுட்பாலில் பந்து முழுசாகக் கோட்டைத் தாண்டினால்தான் வெளியே. வாலிபாலில் கோட்டின் மேல் விழுந்தால் உள்ளே. இந்தப் பழக்கத்தோடு வந்து நின்றால் ரக்பியில் ஒவ்வொரு முறையும் தப்பாகத்தான் தூக்குவீர்கள். இங்கே டச்லைன் மைதானத்தில் சேர்த்தியே இல்லை. கிரிக்கெட்டில் பவுண்டரிக் கயிறு மாதிரி; தொட்டாலே முடிந்தது. பந்து கோட்டைத் தொட்டாலும் வெளியே, பந்து வைத்திருப்பவரின் ஷூ நுனி பட்டாலும் வெளியே. கோட்டுக்கு அப்பால் இருக்கிற எதைத் தொட்டாலும், நாயோ பையோ நீங்களோ, வெளியேதான்.

கோல் லைன் மட்டும் இதற்கு நேர்மாறு. அது இன்கோலைச் சேர்ந்தது. அந்தக் கோட்டின் மேல் பந்தை அழுத்தினாலே ட்ரை. மகளுக்கு நான் சொல்லிக்கொடுத்தது இப்படி: டச்லைன் தெருவுக்குச் சொந்தம், கோல் லைன் வீட்டுக்குச் சொந்தம். கம்பத்தைச் சுற்றிக் கட்டியிருக்கிற மெத்தையின் அடியில் பந்தை அழுத்தினாலும் முன்பு ட்ரை கொடுத்தார்கள். 2020-இல் அதை எடுத்துவிட்டார்கள்.

அடுத்து வருவதுதான் கண்ணால் பார்த்தாலும் மனசு நம்பாத விஷயம். ஒருத்தி பந்தோடு கோட்டோரம் ஓடுகிறாள். கால் உள்ளே. கையும் பந்தும் கோட்டுக்கு வெளியே காற்றில் நீட்டிக்கொண்டிருக்கின்றன. வெளியேயா? இல்லை. தரையையோ வேறு எதையோ தொடுகிற வரை அவள் உள்ளேதான். மூலையில் உடம்பு முழுக்க வெளியே பறக்க, ஒற்றைக் கையால் பந்தை இன்கோலில் அழுத்தினாலும், அதற்கு முன் உடம்பில் எதுவும் வெளியே தரையைத் தொடவில்லை என்றால் ட்ரை. போகிற வழியில் மூலைக் கொடியை இடித்துத் தள்ளினாலும் பரவாயில்லை. 2009-க்கு முன் கொடியைத் தொட்டாலே வெளியே என்றிருந்தது; பழைய ஆட்டம் பார்த்த அப்பாக்கள் சிலர் இன்னமும் அதற்காகக் கத்துவார்கள். கத்தட்டும். கொடிக்கம்பத்தின் மேலேயே பந்தை அழுத்தினால்தான் வெளியே.

அதனால் முதலில் காலைப் பாருங்கள், பிறகு பந்தை. பந்து கண்ணை இழுக்கும். அதை எதிர்த்துப் பழக வேண்டும். கோட்டுக்கு நேர் எதிரே நின்று பார்க்காமல், கோடு நீளவாக்கில் கண்ணில் படும்படி நில்லுங்கள். டெய்லர் துணி மடிப்பை ஒற்றைக் கண்ணை மூடிப் பார்ப்பாரே, அப்படி.

என் தப்பு

எதிரணிப் பெண் உதைத்தாள். பந்து தரையில் குதித்து, உருண்டு, கோட்டை நோக்கி வந்துகொண்டிருந்தது. எங்கள் அணிப் பெண் கெட்டிக்காரி. ஒரு காலைக் கோட்டுக்கு வெளியே வைத்துக்கொண்டு, குனிந்து, இன்னும் கோட்டை அடையாத பந்தை எடுத்தாள். எடுத்த கையோடு, "ஆன்ட்டி, ஹமாரா!" (நமக்குத்தான்) என்று கத்தினாள். நான் கொடியைத் தூக்கி எங்கள் பக்கம் கையைக் காட்டினேன். எதிரணி உதைத்த பந்து, நம் பெண் வெளியே நிற்கிறாள், பந்து வெளியே போயிற்று, உதைத்தவள் குற்றம், சரிதானே?

தப்பு. இங்கே கோட்டின் மேல் வானம் வரை ஒரு கண்ணாடிச் சுவர் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வெளியே நிற்கிறவர் பந்தைப் பிடிக்கும்போது பந்து அந்தச் சுவரை ஏற்கெனவே அடைந்துவிட்டதா? அடைந்திருந்தால், பந்தை வெளியே அனுப்பியது உதைத்தவர். அடையவில்லை என்றால், உள்ளே இருந்த பந்தை வெளியே கொண்டு போனது பிடித்தவர். பந்தைத் திரும்ப உள்ளே எறிகிற வாய்ப்பு எதிரணிக்கு. பந்து உருண்டுகொண்டிருந்ததா, நின்றுவிட்டதா என்பது கணக்கே இல்லை. உருளும் பந்துக்கு முன்பு சட்டம் வேறு மாதிரி இருந்தது, எங்கள் பெண் அந்தப் பழைய தந்திரத்தை எங்கேயோ கற்றிருக்கிறாள். நடுவர் இடைவேளையில் தன் தண்ணீர்ப் பாட்டிலைக் கோட்டின் மேல் வைத்து எனக்கு இதைப் பொறுமையாக விளக்கினார்.

அதே சுவரை வைத்து மற்றவற்றையும் தீர்த்துவிடலாம். உள்ளே நிற்கிறவர் கையை நீட்டி, சுவரைத் தாண்டிவிட்ட பந்தைத் தட்டியோ பிடித்தோ உள்ளே கொண்டு வந்தால் ஆட்டம் தொடரும். உள்ளிருந்து குதித்து, வெளியே விழுவதற்கு முன் பந்தை உள்ளே தட்டிவிட்டாலும் தொடரும். வெளியிலிருந்தே குதித்து, காற்றில் பிடித்து, உள்ளே காலூன்றினாலும் தொடரும். வெளியே நிற்கிறவர் பந்தைப் பிடிக்காமல், சுவரை அடையாத பந்தைத் தட்டினாலோ உதைத்தாலோ அதுவும் ஆட்டம்தான். இன்னொரு வேடிக்கை: டச்சில், அதாவது கோட்டுக்கு வெளியே, நிற்கிற ஒருத்தி, இன்கோலில் சும்மா கிடக்கிற பந்தைக் கையில் எடுக்காமல் அப்படியே அழுத்தினால் ட்ரை. நான் இதுவரை ஒரு முறைகூட நேரில் பார்க்கவில்லை, பார்க்க ஆசை.

யார் எறிய வேண்டும், எங்கிருந்து

கொடியை உயர்த்தி, பந்து கோட்டை அடைந்த இடத்தில் காலை ஊன்றி நின்று, எறிகிற அணியின் பக்கம் மறு கையைக் காட்டுங்கள். கடைசியாகப் பந்தைத் தொட்ட அணிக்கு எதிரணிதான் எறியும். இதற்கு இரண்டு விலக்கு உண்டு. பெனால்ட்டி உதையை (எதிரணி செய்த தப்புக்காகக் கிடைப்பது) வெளியே அனுப்பினால், உதைத்தவர்களே எறிவார்கள். இரண்டாவது 50:22, 2021-இல் சோதனையாக வந்து பிறகு நிலைத்த விதி. தன் பாதியிலிருந்து உதைத்த பந்து, உள்ளே தரையில் பட்டு, எதிரணியின் 22-க்குள் வெளியே போனால், உதைத்த அணிக்கே வாய்ப்பு. எதிரணிப் பாதியிலிருந்து நடுக்கோட்டைத் தாண்டிப் பின்னால் பந்தைக் கொண்டு வந்து உதைத்தால் செல்லாது. இங்கேதான் அந்த 22 கொடி உதவும். கொடிக்கு முன்னாலா பின்னாலா என்று ஒரு அடியில் ஆட்டம் திரும்பிவிடும்.

இடம் பற்றிய கணக்கு இது. பந்து உள்ளே தரையில் பட்டு வெளியே போனால், கோட்டை அடைந்த இடம். ஆட்டக்காரர் பந்தோடு போனால், அவர் தொட்ட இடம். தரையில் படாமல் நேராகப் பறந்து போனால்தான் சிக்கல்: உதைத்தவர் தன் 22-க்குள் இருந்து, பந்தைத் தன் அணியே உள்ளே கொண்டு வராமல் இருந்தால், பந்து தாண்டிய இடம். 22-க்கு வெளியிலிருந்து நேராக உதைத்தால் லாபம் கிடையாது. உதைத்த இடத்துக்கு நேராகத் திரும்பி வர வேண்டும். அதாவது தன் கோல் லைனிலிருந்து 30 மீட்டரில் நின்று உதைத்து, பந்து எதிரணியின் 10 மீட்டர் கோட்டருகே வெளியே பறந்தாலும், லைன்அவுட் (இரண்டு அணியும் வரிசையாக நிற்க, நடுவே பந்தை எறிவது) 30 மீட்டருக்கு நேராகத்தான். பந்து தாண்டிய இடத்திலிருந்து பின்னால் நடந்துகொண்டே வாருங்கள், நடுவர் கையைத் தூக்கி நிறுத்துவார். பெனால்ட்டிக்கு இந்தத் திருப்பம் கிடையாது, நேராகப் பறந்தாலும் தாண்டிய இடம்தான். எப்படி ஆனாலும் கோல் லைனுக்கு 5 மீட்டருக்குள் லைன்அவுட் வராது.

சின்னப் பிள்ளைகளின் ஆட்டத்தில் உதையையும் லைன்அவுட்டையும் அமைப்பாளர்கள் சுருக்கிவிடுவது உண்டு. ஆட்டம் தொடங்கும் முன் கேட்டுவிடுங்கள்.

எறிகிற வரை கொடி மேலேயே இருக்கட்டும். எறிந்ததும் இறக்கிவிடலாம், மூன்று சமயம் தவிர: எறிகிறவரின் கால் மைதானத்துக்குள் வந்துவிட்டால், தப்பான அணி எறிந்துவிட்டால், லைன்அவுட் கூடுவதற்கு முன் அவசரமாக எறிகிறபோது வேறு பந்தை எடுத்தாலோ, எறிகிறவரைத் தவிர வெளியே வேறு யாராவது பந்தைத் தொட்டிருந்தாலோ. இந்தக் கடைசி விஷயத்தைப் பெற்றோர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. பந்து உங்கள் காலடிக்கு வந்தால் ஆசையாக எடுத்துக் கொடுக்காதீர்கள். நீங்கள் தொட்டதும் அந்தப் பிள்ளையின் அவசர எறிதல் போயிற்று.

இன்கோலில்

இங்கே சுருக்கமாக. தாக்குகிற அணி உதைத்த பந்து இன்கோலைக் கடந்து டச்-இன்-கோலுக்கோ டெட்பால் லைனுக்கோ போனால், தடுக்கிற அணிக்கு 22-லிருந்து டிராப்-அவுட் (பந்தைக் கையிலிருந்து விட்டு, தரையில் பட்டு எழும்பும்போது உதைப்பது), அல்லது உதைத்த இடத்தில் ஸ்க்ரம் (இரண்டு அணியும் தோள் கோத்துத் தள்ளிப் பந்துக்குப் போராடுவது), அவர்கள் இஷ்டம். அதே உதையைத் தடுப்பவர் இன்கோலில் அழுத்தி நிறுத்தினால் 2021-க்குப் பிறகு கோல் லைன் டிராப்-அவுட். தடுப்பவரே பந்தை இன்கோலுக்குள் கொண்டு போய் வெளியே விட்டால் 5 மீட்டரில் தாக்குகிறவர்களுக்கு ஸ்க்ரம். இதை முடிவு செய்வது நடுவர். நீங்கள் பந்து எந்தக் கோட்டைத் தொட்டது என்று மட்டும் சொல்லுங்கள்.

கம்பத்துக்கு உதைக்கும்போது ஆளுக்கு ஒரு கம்பத்துக்குப் பின்னால் நிற்க வேண்டும். கம்பங்களுக்கு நடுவே 5.6 மீட்டர், குறுக்குக் கட்டை 3 மீட்டர் உயரம். நடுவே, கட்டைக்கு மேலே போனால் கொடியைத் தூக்குங்கள்.

மழையில்

மும்பையில் ரக்பி மழைக்கால ஆட்டம். அலுவலகம் முடிந்து ஃபேஷன் ஸ்ட்ரீட் பக்கம் நடந்தால் எதிரே பாம்பே ஜிம்கானா. 1933-இல் இந்திய மண்ணின் முதல் டெஸ்ட் கிரிக்கெட் நடந்த அதே மைதானத்தில் மழை வந்துவிட்டால் ரக்பிதான். பல வருடம் அந்த வேலியைத் தாண்டி நடந்திருக்கிறேன், என்ன ஆட்டம் என்று கேட்டதில்லை. 2025 ஜூனில் அந்தேரியில் நடந்த ரக்பி பிரீமியர் லீக்கில் சென்னை புல்ஸ் கோப்பையை அடித்ததும் எங்கள் கோலிவாடாவில் நாலு பேர் விசாரித்தார்கள். அதில் இரண்டு பேர் இப்போது கொடி பிடிக்கிறார்கள்.

குடை வேண்டாம், ரெயின்கோட் போடுங்கள். ஒரு கையில் கொடி, மறு கை காட்ட வேண்டும். செருப்பில் வராதீர்கள். சேற்றில் ஓட முடியாது, தேங்கிய தண்ணீரில் வெறுங்காலோடு நிற்பது இந்த ஊரில் காய்ச்சலை விலைக்கு வாங்குவது. கண்ணாடி போடுகிறவர்கள் ஒரு துண்டை பிளாஸ்டிக் பையில் வைத்துக்கொள்ளுங்கள். கோடு அழிந்துவிட்டால் இரண்டு கொடிகளுக்கு நடுவே கண்ணாலேயே ஒரு கயிறு கட்டிக்கொள்ள வேண்டியதுதான். சந்தேகமாக இருந்தால் தூக்காதீர்கள்.

ஆட்டம் முடிந்ததும் கம்பங்களை எண்ணி எடுங்கள். 14 இருக்க வேண்டும். போன வாரம் 13 தான் இருந்தது. பக்கத்து ஆட்டத்தில் நடு ஸ்டம்பாக நின்றுகொண்டிருந்த ஸ்பாஞ்ச் சுற்றிய குழாய் எங்களுடையது என்று பையன்களுக்குப் புரியவைக்க இன்னொரு பத்து நிமிடம் ஆயிற்று. அதற்குள் டீக்காரரும் போய்விட்டார்.